பேராக் ஆறா, மூடா ஆறா, கடலா? பினாங்கின் தண்ணீர்க் கணக்கு

2024 பொங்கலுக்கு முந்தின நான்கு நாள்கள் எங்கள் வீட்டுக் குளியலறையில் கால் வைக்க இடமில்லை. இரண்டு நீலப் பீப்பாய், ஐந்து வாளி, போதாததற்குச் சமையலறையில் அண்டா. ஒரு பெரிய வால்வை மாற்றும் வேலைக்காக ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கு மாநிலத்தின் பெரும்பகுதியில் தண்ணீர் வராது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். 15ஆம் தேதி பொங்கல். வீடு கழுவுகிற நேரத்தில் ஈரத்துணியால் துடைத்துச் சமாளித்தோம்.

அந்த வாரம்தான் காஜாங்கிலிருந்து மச்சான் கூப்பிட்டார். "எங்களுக்குப் பகாங்லேர்ந்து மலையைக் குடைஞ்சு தண்ணி வருது. நீங்களும் பேராக்லேர்ந்து ஒன்னு போட்டுக்க வேண்டியதுதானே?" என்றார். கோலாலம்பூர்க்காரர்கள் பட்டர்வொர்த்காரனிடம் பேசுகிற தொனி தெரியும் அல்லவா, அந்தத் தொனி. அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். இது அந்தப் பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2024இல் நாங்கள் பட்ட பாட்டுக்கும் ஆற்றில் தண்ணீர் இல்லாததற்கும் சம்பந்தமில்லை. ஆற்றில் தண்ணீர் இருந்தது, நடுவில் இருந்த ஒரு வால்வு பழசாகிவிட்டது. பக்கத்து மாநிலமான பேராக்கிலிருந்து சுரங்கம் வந்திருந்தாலும் அந்த நான்கு நாளும் பீப்பாய்தான். தண்ணீர் வரவில்லை என்றாலே "புது அணை கட்டு" என்று நாம் கேட்பதற்கு முன், எங்கே அடைபட்டது என்று பார்ப்பது நல்லது.

ஆனாலும் மச்சான் கேள்வி நியாயமான கேள்வி. பினாங்குக்குச் சொந்தமாகப் பெரிய ஆறு கிடையாது. மாநிலத்துக்குத் தேவையான ஆற்றுநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறோம். அந்த ஆறு இன்னொரு பக்கத்து மாநிலமான கெடாவில் பிறந்து, கெடாவில் ஓடி, கடைசியில் நம் எல்லையை ஒட்டிக் கடலில் சேர்கிறது. லாஹார் தியாங்கில் எடுத்து, கால்வாய் வழியாகச் சுங்கை டுவாவுக்குக் கொண்டுவந்து, சுத்திகரித்து, பிறகு கடலடிக் குழாயில் தீவுக்கும் அனுப்புகிறார்கள். ஒரே ஆறு, ஒரே கால்வாய், ஒரே பெரிய ஆலை. தீவில் தண்ணீர்மலை என்று நாம் முருகன் கோயிலைச் சொல்கிறோமே, அந்த அருவிதான் ஒரு காலத்தில் ஜார்ஜ்டவுனுக்குக் குடிநீர் கொடுத்தது. அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது.

மெங்குவாங் அணை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. விரிவாக்கத்துக்குப் பிறகு அதன் கொள்ளளவு 86.4 பில்லியன் லிட்டர். மாநிலம் ஒரு நாளைக்கு உற்பத்தி செய்யும் நீர் 1,000 மில்லியன் லிட்டருக்கு மேல். வகுத்துப் பாருங்கள், நிரம்பி வழிந்தாலும் மூன்று மாதத்துக்குள் காலி. அதோடு மெங்குவாங் தானாக நிரம்புகிற அணையும் இல்லை. நிரப்புவதில் பெரும்பங்கு மூடா நீரைப் பம்பு வைத்து ஏற்றுவதுதான். ஆக அது சேமிப்புக் கணக்கு, வருமானம் இல்லை.

சரி, என்னென்ன வழி இருக்கிறது? பேராக் ஆற்றை மலை தாண்டிக் கொண்டுவருவது. மூடாவையே பத்திரமாக வைத்துக்கொள்ள கெடாவுடன் உட்கார்ந்து பேசுவது. கடல்நீரைக் குடிநீராக்குவது. இருக்கிற நீரைச் சிந்தாமல் குடிப்பது. நான்கையும் மச்சானின் சுரங்கத்தை அளவுகோலாக வைத்தே பார்க்கலாம்.

அந்தச் சுரங்கம்

பகாங்–சிலாங்கூர் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது உண்மையில் பெருமையாகத்தான் இருந்தது. பகாங்கில் கெலாவ் ஆற்றின் குறுக்கே ஒரு அணை, செமந்தான் ஆற்றில் நீரெடுத்து மேலே ஏற்றும் பம்பு நிலையம், அங்கிருந்து குழாய், அப்புறம் தித்திவங்சா மலைத்தொடரின் அடியில் 44.6 கிலோமீட்டர் சுரங்கம். விட்டம் 5.2 மீட்டர். சில இடங்களில் சுரங்கத்தின் தலைக்கு மேல் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட பாறை. உள்ளே பாறை சுட்டது, வெந்நீர் ஊற்று பீறிட்டது. மூன்று துளையிடும் இயந்திரங்கள், கூடவே வெடி வைத்துப் பிளக்கும் பழைய முறை. பணத்தின் பெரும்பகுதி ஜப்பானியக் கடன். முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 1,890 மில்லியன் லிட்டர் உலு லங்காட் பக்கம் வந்து இறங்கும். அதாவது பினாங்கு மாநிலம் முழுவதற்கும் ஆகும் நீரைவிட அதிகம், ஒரே துளை வழியாக.

இதைக் கட்டியதற்குக் காரணமும் உண்டு. 1998இல் எல் நினோ வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. அப்போது மச்சான் செராஸில் வாடகைக்கு இருந்தார், நான்கு மாடி வாளி சுமந்த கதையை இன்னும் சொல்வார்.

ஆனால் பொறியியலைத் தாண்டி அந்தத் திட்டத்தில் நான் கவனித்தது வேறொன்று. சுரங்கம் 2014இல் முடிந்துவிட்டது. அதே 2014இல் சிலாங்கூரில் மழையில்லாமல் பல வாரம் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. சுரங்கம் தயார், மக்கள் கையில் வாளி. என்ன காரணம்? சுரங்கத்தின் மறுமுனையில் இருக்க வேண்டிய லங்காட் 2 சுத்திகரிப்பு ஆலை எழும்பவில்லை. நீர்த் துறையை யார் நடத்துவது, எந்த விலைக்குக் கைமாற்றுவது என்று மத்திய அரசும் சிலாங்கூர் அரசும் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தன. ஆலையிலிருந்து முதல் நீர் வெளியே வந்தது 2019 கடைசியில். நாற்பத்து நான்கு கிலோமீட்டர் பாறையைக் குடைந்து முடித்த பிறகும் ஒரு கையெழுத்துக்காக இத்தனை வருடம்.

கெலாவ் அணைக்காகத் தெமுவான் ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களை ஊரைவிட்டு எழுப்பி வேறிடத்தில் குடிவைத்தார்கள். வீடு கட்டிக் கொடுத்தார்கள், தோட்டம் கொடுத்தார்கள், எல்லாம் சரி. தோட்டம் கைமாறியதும் லயத்தைக் காலி செய் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் நாம், ஆற்றோரம் இருந்தவனுக்கு அடுக்கு வீடு போல ஒன்றைக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடாது என்பது நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேராக்கைப் பற்றி

இப்போது நம் பக்கம். பேராக் ஆறு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளம், தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்தது. மேலே தெமெங்கோர், கீழே செண்டரோ என்று மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள் வரிசையாக நிற்கின்றன. வறட்சியிலும் ஓரளவு ஓட்டம் இருக்கும். அந்த வகையில் மூடாவைவிடப் பேராக் உறுதியான ஆறு. அங்கிருந்து நீரை வடக்கே கொண்டுவரும் யோசனை பல வருடமாகப் பேசப்படுகிறது.

இடையில் பிந்தாங் மலைத்தொடர் நிற்கிறது. ரயிலில் கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும், பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் வண்டி இருட்டில் நுழையும். அந்த பெராப்பிட் ரயில் சுரங்கம் 3.3 கிலோமீட்டர். நீருக்கு இன்னொரு பாதை, குழாயோ சுரங்கமோ, வேண்டும். மலையைத் தாண்டி வடக்கே வந்தால் புக்கிட் மேரா. 1906இல் கிரியான் நெல்வயலுக்காகக் கட்டிய ஏரி அது. அங்கிருந்து நீபோங் திபாலுக்கு அதிக தூரமில்லை. பகாங் திட்டத்தோடு ஒப்பிட்டால் பொறியியல் எளிதுதான். நாட்டில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், செய்து காட்டியும் விட்டார்கள்.

ஆனால் புக்கிட் மேராவே வறட்சியில் வற்றி மண் தெரிகிற ஏரி. முதலில் கிரியான் விவசாயிக்கு நீர் வேண்டும், அப்புறம் அங்கே வரப்போகிற தொழிற்பேட்டைக்கு வேண்டும், மூன்றாவதாகத்தான் பினாங்கு. வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

பேராக் சொல்வதும் தெளிவாக இருக்கிறது: ஆற்றுநீரை அப்படியே தரமாட்டோம், சுத்திகரித்த நீரை விற்போம். பினாங்கில் பலர் இதைப் பேராசை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெல்லாக விற்பதா அரிசியாக விற்பதா என்றால் யாரும் அரிசியாகத்தான் விற்பார்கள். ஆலை அங்கே இருந்தால் வேலை அங்கே, லாபம் அங்கே. நமக்கு என்ன இழப்பு என்றால், ஆலை பழுதானால் நாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆற்றுநீராக வந்தால் மெங்குவாங்கில் தேக்கி வைக்கலாம், சுத்திகரித்த நீரை அப்படித் தேக்கிவைக்க முடியாது. இந்த ஒரு வேறுபாடு விலையைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

உறைந்துபோன மூன்று தொகைகள்

எல்லை தாண்டும் நீர் என்றால் நம் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது முல்லைப்பெரியாறு. கேரளத்தில் அணை, மலையைக் குடைந்து சுரங்கம், இந்தப் பக்கம் தேனியும் மதுரையும். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்தார். கம்பம் பள்ளத்தாக்கில் அவரைச் சாமியாகவே கும்பிடுகிறார்கள். ஆனால் அணைக்கு முன்னால் ஒப்பந்தம் இருந்தது: 1886இல், 999 வருடத்துக்கு, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை. வருடத்துக்கு 40,000 ரூபாய். 1970இல் ஏக்கருக்கு முப்பது ரூபாயாக்கினார்கள். பிறகு நடந்தது ஊரறிந்தது. அணை பலமா பலவீனமா, நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 2006இல் ஒரு தீர்ப்பு, 2014இல் இன்னொரு தீர்ப்பு. பொறியாளர்கள் சுண்ணாம்பைப் பற்றிப் பேசினாலும் அடியில் எரிந்துகொண்டிருந்தது அந்த 999தான் என்று நான் நினைக்கிறேன். கொள்ளுத் தாத்தா போட்ட கையெழுத்துக்குக் கொள்ளுப் பேரன் இன்னும் கட்டுப்பட்டிருக்கிறான் என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது, ஜொகூர்–சிங்கப்பூர். 1962 ஒப்பந்தம், 2061 வரை செல்லும். ஜொகூர் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம், 1,000 கேலனுக்கு 3 சென். அதில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து 1,000 கேலன் 50 சென்னுக்கு ஜொகூருக்கே திருப்பி விற்கிறார்கள். 25 வருடத்துக்குப் பிறகு விலையைத் திருத்தலாம் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தது. 1987இல் அதை யாரும் தொடவில்லை. அந்த உரிமை இன்னும் இருக்கிறதா, தீர்ந்துபோனதா என்பதற்குத்தான் இரண்டு நாடும் இத்தனை காலம் வாதாடுகின்றன. காப்பிக்கடையில் 3 சென் விலையைப் பற்றிக் கொதிப்பவர்கள் அந்த வரியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மூன்றாவது நம் வீட்டிலேயே இருக்கிறது. பினாங்குத் தீவுக்காகவும் எதிர்க்கரையான செபராங் பிறைக்காகவும் கெடா சுல்தானுக்கு ஆண்டுதோறும் 10,000 ஸ்பானிய டாலர் என்று 1800இல் ஆங்கிலேயர் ஒப்பந்தம் எழுதினார்கள். அது 10,000 ரிங்கிட்டாகி, மத்திய அரசு கெடாவுக்கு வருடாவருடம் கட்டி வந்தது. 2018இல்தான் 10 மில்லியன் ஆக்கினார்கள். இன்றைக்கு கெடாக்காரர் பினாங்கைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு சூடு இருக்கிறது என்றால், அதில் இந்தப் பத்தாயிரத்துக்கும் பங்குண்டு.

மூன்றிலும் ஒரே வியாதி. விலையை அன்றைக்கு நியாயமாகவே வைத்தார்கள், பிறகு அதை உறையவைத்துவிட்டார்கள். கொடுப்பவன் ஏமாந்தவனாக உணர்ந்த நாளிலிருந்து அணையின் ஒவ்வொரு விரிசலும் அரசியலாகிவிடுகிறது.

லெசோத்தோ செய்தது

இதற்கு மாறாக ஒரு கணக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. லெசோத்தோ மலைநாடு, சுற்றிலும் தென்னாப்பிரிக்கா. மலையில் மழை, கீழே ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் தாகம். 1986இல் ஒப்பந்தம் போட்டார்கள். 185 மீட்டர் உயரக் காட்சே அணை, அங்கிருந்து 45 கிலோமீட்டர் சுரங்கம், வழியில் ஒரு மின்நிலையம், அப்புறம் இன்னொரு 37 கிலோமீட்டர் சுரங்கம், எல்லைக்கு அப்பால் ஓர் ஆற்றில் விடுகிறார்கள். முதல் கட்டத்தில் வருடத்துக்கு 780 மில்லியன் கன மீட்டர். நாளுக்குக் கணக்கிட்டால் பகாங் சுரங்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். 1998இலிருந்து ஓடுகிறது.

விலையை எப்படி வைத்தார்கள் தெரியுமா? லெசோத்தோ இல்லாமல் தென்னாப்பிரிக்கா தன் எல்லைக்குள்ளேயே அதே நீரைக் கீழிருந்து பம்பு வைத்து ஏற்றினால் எவ்வளவு செலவாகும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். இந்தத் திட்டத்தால் அதில் எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்த்தார்கள். அந்த மிச்சத்தில் 56 விழுக்காடு லெசோத்தோவுக்கு, 44 தென்னாப்பிரிக்காவுக்கு. அணை, சுரங்கச் செலவு நீரை வாங்குபவருடையது. தண்ணீருக்கு என்ன மதிப்பு என்று தத்துவம் பேசாமல், "நான் இல்லாவிட்டால் உனக்கு என்ன செலவு?" என்று கேட்டார்கள். சந்தைக்குப் போன எந்தப் பாட்டிக்கும் தெரிந்த கேள்வி.

அது சொர்க்கமும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான வருடத்தின் தொடக்கத்தில்தான் தென்னாப்பிரிக்கா எல்லையை அடைத்து, லெசோத்தோவில் ஆட்சியே கவிழ்ந்திருந்தது. 1998இல் தென்னாப்பிரிக்கப் படை உள்ளே நுழைந்தபோது காட்சே அணையில் ரத்தம் சிந்தியது. திட்டத் தலைவர் லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார். அணையில் மேய்ச்சல் நிலத்தை இழந்தவர்களின் குறை இன்னும் ஓயவில்லை. ஆனால் விலைச் சண்டை அவ்வளவாக இல்லை. அது சின்ன விஷயம் அல்ல.

இன்னொரு செய்தியும் நமக்குப் பயன்படும். 2024 அக்டோபரிலிருந்து 2025 மார்ச் வரை ஆறு மாதம் அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டு உள்ளே இறங்கிப் பழுது பார்த்தார்கள். சுரங்கம் கட்டினால் ஒரு நாள் அதைக் காலியாக்கி உள்ளே போயாக வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குத் தென்னாப்பிரிக்காவிடம் பெரிய அணைகளில் சேமிப்பு இருந்தது. மெங்குவாங்கின் மூன்று மாதம் இங்கே நினைவுக்கு வரட்டும்.

கெடாவுடன் பேசுவது

மூடாவைப் பற்றிப் பினாங்கில் இரண்டு பேச்சுதான் கேட்கும். "ஆறு எல்லையில் ஓடுகிறது, நம் கரையிலிருந்து எடுக்கிறோம், எதற்குக் காசு?" என்பது ஒன்று. "கெடா அடைத்துவிட்டால்?" என்பது இன்னொன்று. கெடா அரசு ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் கேட்டிருக்கிறது, பினாங்கு தரமாட்டேன் என்கிறது. சட்டப்படி யார் சரி என்பதை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது காடு. மூடாவின் தலையில் உலு மூடா காடு இருக்கிறது. அங்கே மரம் வெட்டினால் மழைநீர் ஒரே நாளில் சேறாக ஓடிவந்து, கோடையில் ஆறு இளைத்துப்போகும். மரம் வெட்டினால் கெடாவுக்கு வருமானம் வருகிறது, வெட்டாமல் விட்டால் லாபம் நமக்கு. உன் வீட்டு மரத்தை வெட்டாதே, நிழல் எனக்கு விழுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சும்மா சொல்லிக்கொண்டே இருக்க முடியுமா?

மேலே ஓடும் மூடா நீரில் ஒரு பங்கு நம்மிடம் வருவதற்கு முன்பே திரும்பிவிடுகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. கெடா நெல்வயலுக்காக 1960களின் கடைசியில் மூடா அணை, பெடு அணை இரண்டையும் கட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீர் போக மலைக்குள் சயோங் சுரங்கத்தைக் குடைந்தார்கள். ஆறு கிலோமீட்டருக்கு மேல். அதாவது சுரங்கம் வெட்டி நீரைத் திருப்பத் தெரியாத மாநிலம் இல்லை கெடா. கீழ் மூடாவில் ஓட்டம் குறையாமல் இருக்கக் கோடையில் நீர் திறந்துவிடுவது பெரிஸ் அணை. அதுவும் கெடாவில்தான்.

ஆகவே இந்த வழி மலிவு. புதுச் சுரங்கம் வேண்டாம், குழாய் ஏற்கெனவே இருக்கிறது. காட்டைக் காப்பதற்கென்று, "தண்ணீர் விலை" என்ற சொல்லே வராமல், மத்திய அரசும் பினாங்கும் சேர்ந்து கெடாவுக்குக் கொடுக்கலாம், வெட்டாத ஒவ்வொரு ஹெக்டேருக்கும் இவ்வளவு என்று. இரு பக்கமும் மூக்கறுபடாமல் பணம் கைமாற அப்படி ஒரு பெயர் போதும். குறை என்னவென்றால் முட்டைகள் ஒரே கூடையில்தான் கிடக்கும். வறட்சி வந்தால் மூடாவுக்கும் மெங்குவாங்குக்கும் சேர்ந்தே வரும்.

கடல்

தீவில் நின்றுகொண்டு தண்ணீர் இல்லை என்று சொல்வது வேடிக்கைதான், சுற்றிலும் கடல். சென்னைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர் வரும் என்று 1983இல் ஒப்பந்தம் போட்டுக் காத்திருந்தார்கள். 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று பேசியது, வந்தது பல வருடம் அதில் கொஞ்சம்தான். கடைசியில் 2010இல் மீஞ்சூரில் ஒரு ஆலை, 2013இல் நெம்மேலியில் ஒன்று, ஒவ்வொன்றும் நாளுக்கு 100 மில்லியன் லிட்டர்.

பினாங்குக்கு இதைப் போட்டுப் பார்த்தால் பத்து மீஞ்சூர் வேண்டும். 1,000 லிட்டருக்கு மூன்றிலிருந்து நான்கு யூனிட் மின்சாரம் போகும். மலைச் சுரங்கத்தில் ஒருமுறை ஏற்றிவிட்டால் மீதி தூரம் நீர் தானே இறங்கி வரும், கடல் ஆலையில் ஒவ்வொரு சொட்டுக்கும் காசு கட்ட வேண்டும், வருடம் தோறும், ஆலை இருக்கும்வரை. உப்புக் கழிவைத் திருப்பிக் கடலில்தான் விட வேண்டும், தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் உள்ள கடலோ ஏற்கெனவே கலங்கல். மீனவர்கள் சும்மா இருப்பார்களா?

அப்படியிருந்தும் இந்த வழியைத் தூக்கிப் போடக்கூடாது என்பேன், மற்றவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. லெசோத்தோவின் கேள்வியை நினைவில் வையுங்கள். "பேராக் இல்லாவிட்டால் உனக்கு என்ன செலவு?" என்று பேராக் கேட்டால் பினாங்கிடம் பதில் இருக்க வேண்டும். கடல்நீரிலிருந்து ஒரு கன மீட்டர் இத்தனை ரிங்கிட் என்று சொந்தமாக ஓட்டிப் பார்த்த எண் கையில் இருந்தால், பேராக் விலை அதிகமா குறைவா என்று தெரியும். எண் இல்லாமல் போனால் அவர்கள் சொல்வதே விலை. சிங்கப்பூர் மறுசுழற்சி நீரையும் கடல்நீர் ஆலையையும் இத்தனை அவசரமாகக் கட்டியது தாகத்துக்கு மட்டுமா? 2016இல் ஜொகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் 20 விழுக்காடு அளவுக்கு இறங்கியபோதும் அவர்களால் நிதானமாக இருக்க முடிந்தது அதனால்தான். எனவே தீவின் தென்பக்கமோ பத்து காவான் பக்கமோ, தொழிற்சாலைகளுக்காக ஒரு சிறிய ஆலை. கணினிச் சிப்பு செய்கிற ஆலைகள் எப்படியும் நீரை மறுபடி சுத்தம் செய்துதான் பயன்படுத்துகின்றன, முதலில் அவர்கள் வாங்கட்டும். வீட்டுக் குழாய்க்கு வேண்டாம்.

கழிவுநீரை மறுசுழற்சி செய்து குடிப்பதைப் பற்றி எழுதப் போவதில்லை. பொங்கல் பானையில் அதை ஊற்றச் சொல்லி என் அம்மாவைச் சம்மதிக்கவைக்கும் ஆளை முதலில் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

நம் வாளியின் ஓட்டை

நாளொன்றுக்குப் பினாங்கில் ஆளுக்கு ஏறக்குறைய 280 லிட்டர் பயன்படுத்துகிறோம். சிங்கப்பூரில் 140ஐ ஒட்டி. அவர்களைவிட நாம் இரு மடங்கு சுத்தமா? பல வருடம் மாதத்தின் முதல் 20,000 லிட்டருக்கு, 1,000 லிட்டர் 22 சென் என்றுதான் கட்டினோம். 2024இல்தான் ஏறியது. அந்த 22 சென்னுக்கு ஒரு மிட்டாய்கூட வராது. ஒரு பக்கம் ஜொகூரின் 3 சென் விலையைப் பார்த்துக் கோபப்படுகிறோம், மறுபக்கம் நம் வீட்டுக் குழாயில் நாமே ஓர் உறைந்த விலையை வைத்துக்கொண்டு கார் கழுவினோம்.

கணக்கைப் பாருங்கள். மாநிலத்தில் 1.74 மில்லியன் பேர் என்று 2020 கணக்கெடுப்பு. ஆளுக்கு 80 லிட்டர் குறைத்தால், அப்போதும் நாளுக்கு 200 லிட்டர் இருக்கிறது, மொத்தம் ஏறக்குறைய 140 மில்லியன் லிட்டர் மிச்சம். மீஞ்சூர் ஆலையைவிட அதிகம், ஒரு செங்கல்கூட வைக்காமல். அதோடு கசிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உற்பத்தி செய்யும் நீரில் ஏறக்குறைய கால்பங்கு காசாகாமலே போகிறது, பெரும்பாலும் மண்ணுக்குள். நாட்டளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது என்பதால் நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் 2010களின் தொடக்கத்தில் இதே பினாங்கு 18 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. திரும்ப அங்கே போனால் இன்னும் 70 மில்லியன் லிட்டர் கிடைக்கும்.

இதில் குறை ஒன்றுதான். ரிப்பன் வெட்ட முடியாது. சாலையைத் தோண்டிப் பழைய குழாயை மாற்றினால் நன்றி வராது, போக்குவரத்து நெரிசலுக்குத் திட்டுத்தான் வரும். 44 கிலோமீட்டர் சுரங்கத்துக்குத் தொலைக்காட்சி வரும், ஒரு வால்வை மாற்றும்போது வருவது என் மச்சானின் கிண்டல்.

நான் கையெழுத்துப் போடும் ஆளாக இருந்தால்

முதலில் குழாய், வால்வு, விலை. இது யாரிடமும் அனுமதி கேட்காமல் நாமே செய்யக்கூடியது. அதே வருடத்தில் உலு மூடா காட்டுக்காகக் கெடாவுடன் உட்காருவேன், வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. சிறிய கடல்நீர் ஆலை ஒன்று, விலை தெரிந்துகொள்ள.

பேராக் திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடா ஒன்றையே நம்பிக்கொண்டு இன்னும் முப்பது வருடம் ஓட்ட முடியாது, இரண்டாவது ஆறு கண்டிப்பாக வேண்டும். வறட்சியிலும் பேராக் ஆறு தாக்குப்பிடிக்கும். சுத்திகரித்த நீர்தான் தருவோம் என்றால் ஒரு பங்கையாவது ஆற்றுநீராகக் கேட்டு வாங்கி மெங்குவாங்கில் தேக்கவேண்டும். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை. பினாங்கில் இதைச் சொன்னால் திட்டு விழும் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்: விலையைக் குறைத்துப் பிடிப்பதைவிட, கொடுப்பவர் இருபது வருடத்துக்குப் பிறகும் நஷ்டப்பட்டதாக நினைக்காத விலையைப் பிடிப்பது நமக்குத்தான் லாபம்.

மச்சானிடம் இதையெல்லாம் போன வாரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மச்சான், பேராக் ஒப்பந்தம் வந்தா எந்தப் பக்கத்த மொதல்ல பாப்பீங்க?" என்றார்.

அணையின் உயரத்தையும் சுரங்கத்தின் நீளத்தையும் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். விலை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படும், அந்த வருடத்தில் யாரும் வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும், வறட்சியில் யாருக்கு முதல் வாளி, இந்த மூன்றும் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தானாகவே திருத்தப்படும் என்று இருந்தால் கீழே கையெழுத்துக்கு இடம் தேடுவேன். "25 வருடத்துக்குப் பிறகு திருத்தலாம்" என்று இருந்தால் பேனாவை மூடிவிட்டு, பீப்பாயைக் கழுவி வைக்கச் சொல்லுவேன்.